நாற்பதாவது கிலோமீட்டர்

நகைக்கடன் கம்பெனி கைகழுவியபோது
கடிதம் ஒரு பக்கம், பட்டியல் நாலு பக்கம்.
சைக்கிள் ஏழு. உபரிச் சக்கரம் பதினாறு.
காற்றடிக்கும் பம்ப் இரண்டு; ஒன்று பழுது.
அடகு வைத்த சங்கிலிக்குக் கட்டுவதுபோல்
ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் நூலில் ஓர் அட்டை கட்டி
காரைக்குடியிலிருந்து ஏற்றிப்போனார்கள்.
என்னுடையது நாலாம் எண்.
சீட் உயரத்துக்கு அடையாளமாக
நான் நெயில்பாலிஷில் இழுத்திருந்த கோட்டை
யாரும் கணக்கில் எழுதவில்லை.

தை, மாசி இரண்டும் கால்தான் வண்டி.
பழைய விமான ஓடுதளத்தின் வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி
விடியுமுன் ஓடினோம், ஆடு மேய்ப்பவர்கள் சிரிக்க.
ரஹ்மத் நிஷா செல்போன் கடையில் சேர்ந்துவிட்டாள்.
ஆறு பேரானோம்.

பங்குனியில் வந்தது பெருங்காயக் கம்பெனி.
முதலாளி சாத்தப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
“ஆறு பேர் ஓட்டுறீங்க. ஒருத்திதானே ஜெயிக்கிறா?
மத்த அஞ்சு பேருக்கு எதுக்குச் சம்பளம்?”
பயிற்சியாளர் எஸ்தர் மேசைவிசிறியை
அவர் முகத்துக்கு நேரே திருப்பினார்.
முடி பறந்தது. ஒப்பந்தத் தாள்கள் பறந்தன.
குறுக்கே ஒரு ஃபைலைப் பிடித்தார்.
காற்று நின்றது.
“உமையாளுக்கு முன்னால இது போகணும் சார்.
கடைசி இருநூறு மீட்டர் வரைக்கும்.”
அவர் யோசித்தார்.
“ஃபைலுக்கு மாசம் எவ்வளவு?”

நான்தான் அந்த ஃபைல்.
பதினோராயிரம். பஞ்சர் செலவு தனி.

திருப்பூரிலிருந்து புதுச் சட்டை வந்துசேரவில்லை.
பழைய பெயருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தேய்த்துச்
சித்திரை வெயிலில் இறங்கினோம்.
வேனுக்கும் அதே வைத்தியம்.
தண்ணீர் பாட்டில்கள் குடோனிலிருந்து வந்தன;
வாயில் வைத்தால் ரசம்.
ஓசூரில் பதினொன்றாவது.
நாமக்கல்லில் உமையாள் மூன்றாவது.
என் முகத்தைவிட முதுகைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும்:
எந்தத் தையல் எங்கே பிரிந்திருக்கிறதென்று
வேனில் ஏறியதும் அவளே சொல்வாள்,
சொல்லிவிட்டு வாய் பிளந்து தூங்குவாள்.

ஆடியில் சொந்த ஊர்ப் பந்தயம்,
தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்.
ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு:
கம்பெனி வாசலைக் கடக்கையில்
நம் சட்டைதான் முன்னால் இருக்கவேண்டும்.
வாசல் நாற்பதாவது கிலோமீட்டரில்.
எதிர்காற்று, கண்ணெல்லாம் செம்மண்.
அங்கே முன்னால் போகிறவள்
முடிவுக்கோட்டை முன்னால் போய்த் தொடமாட்டாள்;
மிதிக்கிற எல்லோருக்கும் தெரியும்.
எஸ்தர் வேனிலிருந்து என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் எழுந்து மிதித்தேன்.

மேளம், பந்தல், தலைக்குமேல் ஒரு ட்ரோன்.
பின்னால் சலேத் கத்தினாள்: “ஏய், முதுகு! முதுகு!”
பசை இளகி ‘பெருங்’ உரிந்து பறந்துபோயிருந்தது.
அடியிலிருந்து எட்டிப் பார்த்தது பழைய ‘நகைக்’.
கம்பெனி வாசலில், கம்பெனி கேமராவில்,
எல்லோருக்கும் முன்னால் போனது
‘நகைக் காயம்’ என்று எழுதிய ஒரு முதுகு.

அறுபதில் என்னை எல்லோரும் தாண்டிவிட்டார்கள்.
எழுபத்திரண்டில் உமையாளின் டயரில் கருவேல முள்.
சலேத் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக்
கண்மாய்க் கரையில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள்.
நான் வந்து சேர்ந்ததும் பாதியை நீட்டினாள்.
டீக்கடைக்காரர்தான் செல்போனைப் பார்த்துச் சொன்னார்:
இரண்டாவது. ஒரு டயர் அகலம்.

சாத்தப்பன் வைவார் என்று காத்திருந்தோம்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
“அந்தப் பசை எந்தக் கடையில வாங்குனது?”

இப்போது கார்த்திகை. வெளியே மழை.
குடோனில் மூட்டைகளுக்கு நடுவே
நகராத உருளைகள்மேல் மிதிக்கிறோம்.
அடுத்த வருஷக் கையெழுத்து இன்னும் ஆகவில்லை.
ரஹ்மத் நிஷா ஞாயிறுகளில் வந்து நின்று பார்க்கிறாள்.
இந்த சைக்கிளில் சீட் உயரத்தை
ஒவ்வொரு காலையும் சாண் வைத்து அளந்துகொள்கிறேன்.
நெயில்பாலிஷ் பையில்தான் இருக்கிறது.