தலை எண்ணுகிறவள்

ஆரஞ்சுக் குடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்,
மழைக்கு அல்ல.
இது கண்ணில் படும் தூரம்வரை
நீங்கள் என் பொறுப்பு.

இருபத்து மூன்று பேர்.
மெரிதாவில் விடுதி வாசலில் எண்ணினேன்,
பேருந்தில் ஏறியதும் எண்ணினேன்,
ஊஷ்மாலில் இறங்கியதும் எண்ணினேன்.
நோட்டில் எங்கள் பழைய கணக்கில் குறிப்பேன்:
இருபதுக்கு, மேலே ஒரு புள்ளி.
மிச்சத்துக்கு, கீழே மூன்று.
கம்பெனி கேட்கிற எக்செல் தாளை
ராத்திரி நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரே இரவில் ஒரு குள்ளன் கட்டிய கோபுரம், என்பேன்.
ஒரே இரவிலா? என்று
எல்லாக் குழுவிலும் யாராவது கேட்பார்.
காண்டிராக்டர் அவசரப்படுத்தியிருப்பார், என்பேன்.
பதினோரு வருடமாக அதே சிரிப்பு,
வேறு வேறு பற்கள்.
படியேறத் தடை என்று பலகை சொல்கிறது;
இகுவானா ஒன்று
டிக்கெட்டும் இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

கோபன்ஹேகன் பல் மருத்துவர்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு
கேட்டார்:
அந்த மாயா ஜனங்களெல்லாம் எங்கே போனார்கள்?
என் சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கிறது,
நிதெல்வியா கவிச்.
படிக்கவில்லை போலிருக்கிறது.
வில்பெர்த் டீசல் போடப் போயிருக்கிறான்,
இப்போது வந்துவிடுவான், என்றேன்.

மறுநாள் மஞ்சள் பூசிய ஊர்.
கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கட்டிய மடம்.
இதைச் சொல்ல எனக்கு
ஒரு வாக்கியம்தான் கொடுத்திருக்கிறார்கள்.
சொல்லும்போது என் உள்ளங்கை
சுவரில் ஒரு கல்லின்மேல் போய் நின்றுவிடும்.
ஏன் என்று கேட்டால்
நிழலாக இருக்கிறது என்பேன்.

அங்கேதான் கீழ்ப்புள்ளி ஒன்று குறைந்தது.
லியோனிலிருந்து வந்த ஓடெட்,
வயது எழுபத்தொன்று, இடுப்பு வலி.
வளைவுகளின் அடியில் இல்லை, கழிப்பறையில் இல்லை,
குதிரை வண்டிக்காரர்கள் கையை விரித்தார்கள்.
சந்தைக்குப் பின்னால் தோன்யா ஃபுல்ஹென்சியாவின்
கொல்லையில் கிடைத்தார்.
நேற்றிரவு குழிவெட்டிப் புதைத்த பன்றியை
மண் விலக்கி, வாழையிலை விலக்கி,
இருவரும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்,
ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல்.
தோண்டி எடுத்தது அன்று
சுடச்சுட இருந்தது.
நாரத்தைபோல் கைத்துப் புளிக்கும் சாறும்
அச்சியோத்தேச் சிவப்பும் முழங்கைவரை வழிய
இருபத்து மூன்று பேரும் அங்கேயே சாப்பிட்டோம்.
இல்லை, என்னோடு இருபத்து நான்கு;
என்னை நான் எண்ணுவதில்லை.
ஹபனேரோவைக் கடித்த பல் மருத்துவர்
வெகுநேரம்
கேள்வி ஏதும் கேட்கவில்லை.

கடைசி நாள் செலெஸ்துன், கடல்.
வில்பெர்த் வழக்கம்போல்
சாமான் அறைக்குள் வலைத்தூளி கட்டிப் படுத்துவிட்டான்.
இந்தக் கரைக்கு எத்தனையோ நூறு தடவை வந்தவன்,
அதை முன்கண்ணாடி வழியாகவே பார்த்தவன்.
தண்ணீரில் தலைகளை எண்ணுவது கஷ்டம்.
ஒன்று முங்கும், ஒன்று சிரித்துத் திரும்பும்,
நாரை ஒன்று நடுவில் வந்து உட்காரும்.

இருபத்து நான்கு.

மறுபடி எண்ணினேன். இருபத்து நான்கு.
குறைந்தால் என்ன செய்வதென்று
கையேட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது.
கூடினால் ஒரு வரி கிடையாது.
அப்புறம் பார்த்தேன்,
கோடியில், சீருடைச் சட்டை பலூனாய் உப்ப,
மூக்கைப் பிடித்துக்கொண்டு, வில்பெர்த்.

மேலே ஒன்று, கீழே நான்கு என்று குறித்தேன்.
எங்கள் கணக்கில் ஐந்தாவது புள்ளி இல்லை.
ஐந்தாகிவிட்டால் எல்லாப் புள்ளியும்
படுத்து ஒரு கோடாகிவிடும்.
குடையை மணலில் குத்தினேன்.
நோட்டைச் செருப்புக்கு அடியில் வைத்தேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தால்
மேற்கே ஒரு கோடு,
அதைத் தொடாமல் மேலே
ஒரு புள்ளி, சிவப்பாக.

பல் மருத்துவர் விரலை நீட்டி
எங்களை எண்ணத் தொடங்கினார்.
தப்பாகத்தான் எண்ணுவார்.
எண்ணட்டும்.