ஒன்பது மணிக் கேள்வி

முப்பது நாள், ராத்திரி ஒன்பதுக்கு
செல்போன் ஒருதரம் அதிரும்.
இன்று எத்தனை பேரிடம் பேசினீர்கள்?
யார்மேலாவது எரிந்து விழுந்தீர்களா?

கோயமுத்தூர்க் காலேஜ்ப் பெண்
எங்கள் ரெண்டு பேர் எச்சிலையும்
குப்பியில் பிடித்துக்கொண்டு போய்
"ஒரே அச்சுங்க" என்றாள்.
அம்மாவுக்கு அது குப்பியில்லாமலே தெரியும்.
காதோரத்து மச்சம் பார்த்துத்தான் பால் கொடுத்தாள்.

நான் திருப்பூரில், பனியன் கம்பெனிச் செக்கிங்.
தெய்வானை பெருந்துறையில் மெஸ் நடத்துகிறாள்.

திங்கள்: ஆறு பேர்.
செவ்வாய்: நாற்பது.
கண்டெய்னர் வாசலில் நிற்க
ஒரு பீஸில் எண்ணெய்க் கறை.
லைன் முழுக்கக் கத்தினேன்.
பீகார்ப் பையனுக்கு என் தமிழ் புரியவில்லை,
கோபம் புரிந்தது.
புதன்: மூன்று. அதில் ஒருவர் காய்க்காரர்:
"ஏனுங்க்கா, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"
உடம்பு நன்றாகத்தான் இருந்தது.
வாய்தான் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வேறு ரகம்.
நோம்பியானாலும் எழவானாலும்
நாளைக்குப் பதினைந்து வார்த்தை.
என்னை ஆடிக் காத்து என்பார்,
அந்தப் பதினைந்தில் ரெண்டைச் செலவழித்து.

கடைசியில் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள்.
சிவப்பு நான், பச்சை தெய்வானை.
நான் ஏறிய நாளில் அவள் இறங்கியிருக்கிறாள்.
எனக்குச் சம்பளம் வந்த சனிக்கிழமை
அவளுக்கு வட்டிக்காரர் வந்தார்.
"எந்த நாள்ங்கிறது அவங்கவங்க பாடுங்க.
ஆனா இந்தக் குதிப்பு இருக்குதே..."
ரம்பப் பல்லைத் தடவுவதுபோல் தடவினாள்,
"ரெண்டு பேருக்கும் ஒரே அளவு."

முப்பத்தாறு வருஷமாக
மாமியாரைச் சொன்னேன், சூபர்வைசரைச் சொன்னேன்,
சித்திரை வெயிலைக்கூட விடவில்லை.
இனி பாதியை யார் தலையில் கட்டுவது?

பல்லடம் வழி பஸ்.
ஒரே மேட்டில், ஒரே கம்பெனிக் காற்றாலைகள்.
ஒன்று சுற்றியது. பக்கத்தது
கையை விரித்தபடி சும்மா நின்றது.
அதைப் பற்றி ஏதாவது நினைத்திருக்கலாம்.
தூங்கிப்போனேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
பதினேழாம் நாள் மட்டும்
சிவப்பும் பச்சையும் சேர்ந்து தரையைத் தொட்டன.
"ரெண்டு பேருமே சைபர்னு போட்டிருக்கீங்க.
அன்னிக்கு ஆருகூடவுமே பேசலீங்களா?"

ரெண்டு வீட்டுக்காரர்களும்
பழனிக்கு நடக்கப் போயிருந்த ஞாயிறு.
கம்பெனி லீவு, மெஸ் லீவு.
மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து
சார்ஜ் தீரும்வரை போன்,
தெய்வானையோடு.

அவளை நான் ஆளாய் எண்ணவில்லை.
என்னை அவளும்.