மூன்று வாக்கு

கூரை ஒழுகும் இடங்களுக்கு
லிடியா ஹாக்ஸ்டெட் எண் போட்டிருக்கிறாள்.
ஒன்று, வரைபட அலமாரிக்கு மேலே.
நான்கு, குழந்தைகள் உட்காரும் விரிப்பின் நடுவே.
ஏழுக்கு வாளி கிடைக்கவில்லை;
கலைக்களஞ்சியத்தின் பழைய தொகுதி ஒன்று
மல்லாந்து கிடந்து குடிக்கிறது.

ஹார்லன் ஃபெர்ரி ஊருக்கு நான் கணக்கர்.
கோதுமை வயலும் காற்றும் போக
மிச்சம் இருக்கும் ஊர்.
எனக்குத் தெரிந்தது எண்கள்தான்:
புதிய நூலகத்துக்கு இருபத்து நான்கு லட்சம் டாலர்,
இருபது ஆண்டுக் கடன்பத்திரம்,
வீட்டின் மதிப்பில் ஆயிரம் டாலருக்கு
ஆண்டுக்கு முப்பத்தெட்டு சென்ட் வரி.

வாஷிங்டன் மாநிலத்துச் சட்டம் இப்படி:
மேயர் ஆக ஒரு வாக்கு கூடினால் போதும்.
கூரை மாற்ற
நூற்றுக்கு அறுபது பேர் தலையாட்ட வேண்டும்.

துண்டறிக்கை எழுதியவனும் நான்தான்.
'மாதம் ஒரு காபி விலை' என்று போட்டேன்.
ஓரின் ஸ்காக்ஸ் அதை மடித்து எடுத்து வந்து
என் மேசையில் வைத்தார்,
மேலே தன் பிளாஸ்க்கை வைத்தார்.
"வீட்டில் போட்டது. பதினோரு சென்ட் ஆகிறது."

தினமும் பத்து மணிக்கு முதல் ஆளாய் வருகிறார்.
வெந்நீர்க் குழாய் ஓடும் சுவர் ஓரம் அவர் நாற்காலி.
செய்தித்தாளில் கோதுமை விலை பார்ப்பார்,
வயலை விற்றுப் பத்து வருடமாகியும்.
வீட்டில் ஹீட்டரை இரவில் மட்டும் போடுகிறார் என்பது
லிடியாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
அவர் சொன்னதில்லை.

"வேண்டாம் என்றுதான் போடப்போகிறேன்" என்றார்.
"போன வருடம் என் வீட்டின் மதிப்பை ஏற்றினீர்கள்.
வீடு அதே வீடுதான்.
உடைந்த ஜன்னல்கூட அதே ஜன்னல்."

முதியோருக்கு வரிவிலக்குப் படிவம் உண்டு.
நீட்டினேன்.
கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்,
திருப்பித் தந்தார்.
"கொடுத்தால் எல்லாரையும் போலக் கொடுப்பேன்.
மறுத்தால் எல்லாரையும் போல மறுப்பேன்."

பிப்ரவரி.
வாக்குப் பெட்டியின் வாயில் பனி உறைந்து
சுத்தியலால் தட்டித் திறந்தோம்.
ஆயிரத்து இருநூற்று நாற்பது சீட்டுகள்.
வேண்டும் என்றவை எழுநூற்று நாற்பத்தொன்று.
வேண்டியவை எழுநூற்று நாற்பத்து நான்கு.

மூன்று.

அந்த மூன்றைத் தேடி
அன்றிரவு ஊரை மனத்துக்குள் சுற்றினேன்.
லாரி ஓட்டும் ஹாலிஸ், உறையில் கையெழுத்து போட மறந்தவன்.
தபால் நிலையத்துக்கு எதிரே குடியிருந்த புதுத் தம்பதி,
ஜனவரியில் வேறு ஊர் போனார்கள்.
திருமதி க்விம்பி இறந்தது ஞாயிற்றுக்கிழமை;
நிரப்பாத சீட்டு, குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்குக் கீழே, மகன் சொன்னான்.
இவர்கள் வேண்டும் என்றிருப்பார்கள் என்று
எனக்கு யார் சொன்னது?
ஒருவரும் சொல்லவில்லை.
தோற்ற கணக்கு இப்படித்தான்
ஆள் பிடிக்கும்.

மறுநாள் வெயில்.
வெயில் என்றால் எங்களுக்குப் பயம்:
தட்டைக் கூரையில் கிடக்கும் பனி
இறங்கத் தொடங்கும்.
ஓரின் பத்து மணிக்கு வந்தார்.
யாரும் எதுவும் பேசவில்லை.
வழக்கமான நாற்காலி, வழக்கமான பக்கம்.
கோதுமை விலைமேல் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார்.
நாற்காலியை ஓரடி நகர்த்தினார்.
பிளாஸ்க்கின் மூடியைக் கழற்றி
சொட்டு விழுந்த இடத்தில், சரியாக, வைத்தார்.
லிடியா அட்டையும் பேனாவும் எடுத்து வந்தாள்.
"எட்டு" என்றாள்.
"எட்டு" என்றார் அவரும்.

மதியம் கோப்பை மறுபடி திறந்தேன்.
ஆகஸ்டில் இன்னொரு முறை கேட்கலாம்.
அதற்குள் இரும்பு விலை ஏறிவிடும்,
வட்டியும் சும்மா இருக்காது.
முப்பத்தெட்டு, நாற்பது ஆகிறது.
இம்முறை காபி என்று எழுதமாட்டேன்.

ஓரினின் வீட்டுக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன்:
மாதம் மூன்று டாலர் எண்பது சென்ட்டாக இருந்தது
சரியாக நான்கு டாலர்.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை.