பெறப்பட்டது

மாசிலாமணி என்ற பெயரைப் பிரித்தால்
மாசு இல்லாத மணி.
ஆண்டு விழா மேடையில் யாராவது ஒருவர்
தவறாமல் பிரித்துக் காட்டிக் கைத்தட்டு வாங்குவார்.
ஈசூனில், புளோக்கின் கீழ்த்தளத்தில்
எங்கள் துணைப்பாட நிலையம்.
கண்ணாடிக் கதவில் அந்தப் பெயர்.
பிள்ளைகளின் டீ-சட்டை முதுகிலும்.

செய்தி வந்த வாரம் அவசரக் கூட்டம்.
முதல் முக்கால் மணி நேரம் ஒரு சொல்லுக்கே போனது.
"குற்றச்சாட்டு" என்றார் தலைவர் ஏகாம்பரம்.
"மூணு பேர் சொல்லியாச்சு,
நடந்ததுன்னே எழுதுங்க" என்றார்
பொருளாளர் நைனா முகம்மது.
"செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்வாரா?"
என்றது ஒரு குரல்.
குறிப்பெடுப்பவள் நான்.
யார் குரல் என்று எழுதவில்லை.
அது எனக்குப் பழக்கம்.

வழக்கறிஞர் அனுப்பிய அறிக்கையில்
'ஆழ்ந்த வருத்தம்' இரண்டு முறை வந்திருந்தது.
ஒன்றை வெட்டினோம்.
எதை வெட்டுவது என்பதற்கு வாக்கெடுப்பு.
கறிபாப் தட்டு யாரும் தொடாமல் ஆறியது.

பெயரை எடுத்துவிடுவது என்று முடிவானபோது
இரவு பத்தரை.
மறுநாள் முடி உலர்த்தும் கருவியோடு வந்து
கதவெழுத்துகளைச் சூடாக்கினேன்.
முதலில் உரிந்து விழுந்தது
நடுவில் இருந்த 'லா'.
இல்லை என்ற பொருளே அதில்தான் இருந்தது.
மற்றதெல்லாம் கோந்தோடு நின்றது.

இந்த ஊரில் இதற்கு
உபகாரச் சம்பளம் என்று பெயர்.
எனக்கும் கிடைத்தது, எண்பத்தேழில்,
முந்நூறு வெள்ளி.
படத்தில் அவர் கை என் தோளில்.
எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.
அவரைப் பற்றி யாராவது முணுமுணுத்தால்
அந்த ஒரு வாக்கியத்தைத்தான்
சான்றிதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தேன்
இத்தனை வருடமும்.

தணிக்கைக்காகப் பழைய கோப்புகளை இறக்கினோம்.
தொண்ணூற்று நான்கில்,
கட்டணக் கழிவு விண்ணப்பங்களுக்கு நடுவே
கோடு போட்ட தாளில் ஒரு கடிதம்.
பதினான்கு வயதுக் கையெழுத்து.
சனிக்கிழமை வகுப்புக்கு இனி வர மாட்டேன்,
ஏன் என்று ஐயாவைக் கேளுங்கள்.
அவ்வளவுதான்.
மேல் மூலையில் நீல மை முத்திரை:
மாசிலாமணி கல்வி அறநிறுவனம்,
பெறப்பட்டது.
பக்கத்தில் சுருக்கொப்பம்
என்னுடையது.

குழுவிடம் கொடுத்தேன்.
ஏகாம்பரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.
"இதையும் குறிப்புல போடணுமா?"
போட்டேன்.
இந்த முறை பெயரோடு, என் பெயரோடு.

இழப்பீடு, மனநல ஆலோசகர், ஆணையருக்கு அறிக்கை
எல்லாம் பேசி முடித்தபின்
புதிய உபகாரச் சம்பளத்துக்கு
உங்கள் பெயரை வைக்கலாமா என்று
கடிதம் எழுதியவரைத் தொலைபேசியில் கேட்டோம்.
மறுமுனையில் எம்ஆர்டி கதவு மூடும் ஓசை.
"என் பேரை எதுலயும் ஒட்டாதீங்க.
நான் ஒரு லெட்டர் போட்டேன்.
அதுக்குப் பதில் வரல."

சனிக்கிழமை விடியலில் தனியாக வந்தேன்.
பெயர் அச்சடித்த தாள்கட்டை
வெட்டும் கருவியில் வைத்து
தலையில் மூன்று விரற்கடை நறுக்கினேன்.
குட்டையான வெள்ளைத் தாள் மிஞ்சியது.
'அன்புள்ள' என்று தொடங்கி, அடித்தேன்.
உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது,
அன்றே படித்தேன்,
என்பது வரை வந்துவிட்டது.
அடுத்த வரிக்கு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

முதல் பிள்ளை வந்து
வெறுங்கண்ணாடியைப் பார்த்துத் தயங்கி நின்றது.
"ஆன்ட்டி, இங்கதானா டியூஷன்?"
எழுந்து போய்க்
கதவை அகலத் திறந்து
தீயணைப்பு உருளையை முட்டுக் கொடுத்தேன்,
மூடிக்கொள்ளாதபடி.