செக்குபந்தி

கொரோமாண்டல் ஆவணக் காப்பகத்தில்
வியாழன்தோறும் சன்னலோர மேசை எனக்கு.
மற்ற நாட்களில் மின்சார வாரியத்துக்காக
ஊரார் சுவர்களில் ஓடும் எண்களைக் குறிப்பவன்.
எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி
என்பதெல்லாம் தெரியும்.
பத்திரங்கள் விஷயத்தில் அது தெரியாது.

பெயர்ப் பட்டியலில் தே எழுத்தில் தேடினேன்,
தாண்டவராயன் இல்லை.
இன்னொரு தே எழுத்தில் தேடினேன், அங்கும் இல்லை.
பிரெஞ்சில் அவை இரண்டு எழுத்து,
தமிழில் எழுதினால் ஒன்றுதான்.
ஒரே எழுத்துக்குள் இரண்டு தடவை
தொலைந்து போனார் என் பூட்டன்.

கல்யாண வீடுகளில் மூன்றாவது ரம்முக்குப் பிறகு
காசேன் சித்தப்பா கையை நீட்டுவார்:
'ஓடை தொடங்கி மலைவரைக்கும் நம்முடையது,
எஸ்டேட்காரன் ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டான்.'
ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அந்தக் கை
கொஞ்சம் நீளும்.

காகிதம் அப்படிச் சொல்லவில்லை.
ஆறு வியாழன், காகிதம் எதுவுமே சொல்லவில்லை.

ஏழாவது வியாழன், சலிப்பில்,
யாரோ விதவை அகதா லாபோன்தே வாங்கிய
நிலத்தின் பத்திரத்தைச் சும்மா புரட்டினேன்.
கான் தெ மாஸ்க். 1881. இரண்டேகால் அர்ப்பான்.
வடக்கே ஓடை. கிழக்கே ஷேக் புதான். மேற்கே ராம்தோனி.
தெற்கே,
'தாந்தரோயேன் எனப்படும் இந்தியனின் நிலம்.'

எழுந்து நின்றுவிட்டேன்.
காவலாளி பார்த்தார். உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவரைத் தேடவில்லை,
அக்கம்பக்கத்தாரைத் தேடினேன்.
1889, புதான் அடமானம் வைக்கிறார்.
மேற்கெல்லை, தாந்தராயேன்;
இடையில் அவன் அடுக்கிய கற்குவியல், இருவருக்கும் பாதிப்பாதி.
1894, ராம்தோனியின் பிள்ளைகள் பாகம் பிரிக்கிறார்கள்.
கிழக்கெல்லை, தாந்தராயேன் விதவை.
(அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்.
எல்லை சொல்ல அது வேண்டியிருக்கவில்லை.)
1899, கடைக்காரர் ஆ-கியோங் வாங்குகிறார்.
வடக்கெல்லை, தாந்தராயேன் வாரிசுகள்.
1906, எஸ்டேட், முன்பு தாந்தராயேன்.
1912,
எஸ்டேட்.

தன் பெயரில் ஒரு தாள் இல்லை.
அடுத்தவர் நிலம் முடிகிற இடமாக இருந்தே
உழுது, பெற்று, செத்துமிருக்கிறார்.

நடுவில் ஒரு கிரயம் நடந்திருக்க வேண்டும்.
தொகுதி எண்ணைச் சொன்னேன்.
'தையலுக்குப் போயிருக்கிறது' என்றார் மதாம் வெர்ஜினி.
எப்போது?
'மூணு வருஷம் இருக்கும்.'
சித்தப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.
ஏமாற்றினார்களோ, அவளே போய்க் கேட்டு விற்றாளோ,
பிள்ளைக்குக் காய்ச்சலோ.
தைத்து முடிக்கட்டும்.
அவசரம் அவருக்குத்தான், எனக்கா என்று
சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகளின் கணக்கு நோட்டில்
கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கிழித்தேன்.
விதவையை வரைந்தேன், புதானை, ராம்தோனியை,
கீழே ஆ-கியோங்கை.
நடுவில், நான் வரையாமலே,
கோணலாக ஒரு வெள்ளை விழுந்தது.
கட்டங்களை எண்ணினேன்:
ஒன்றேகால் அர்ப்பான், ஒரு மூலை குறைய.
ஓடை அதைத் தொடவில்லை. மலை எங்கேயோ இருந்தது.
'என் தாள்' என்று மகள் அழுதாள்.

ஞாயிறன்று போனேன்.
கரும்பு ஆளுக்கு மேலே நின்றது.
அளவுக்கல் ஒன்றும் அகப்படவில்லை,
யார் நிலம் எங்கே முடிகிறதென்று
கரும்புக்குத் தெரிந்திருக்கவும் இல்லை.
குவியல் மட்டும் இருந்தது.
கறுப்புக் கல், என் தோளுயரம்,
உச்சியில் தானாக முளைத்த ஒரு கொய்யா.

ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன்.
இரண்டு கையும் வேண்டியிருந்தது.
காரில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்,
சித்தப்பாவுக்கு முன்னால் மேசைமேல் வைக்கலாம் என்றுதான்
தூக்கினேன்.
பாதி புதானுடையது.
எந்தப் பாதி என்று பத்திரத்தில் இல்லை.
இருந்த இடத்திலேயே
திரும்ப வைத்தேன்.