நான்காவது லைன்

மே மாதம்.
பாலாற்றில் நீரும் இல்லை, மணலும் இல்லை.
ஆம்பூர் பைபாஸ் ஓரம் எங்கள் ஷூ கம்பெனி.
நான்கு லைன்கள் பழைய கட்டடத்தில்,
நான்காவது மட்டும் மேற்கே, புதுத் தகரக் கொட்டகையில்.
மதியம் இரண்டு மணிக்கு மேல்
அது நொண்டும்.

காலையில் மணிக்கு எண்பத்தைந்து ஜோடி,
சாப்பிட்டு வந்தபின் அறுபது,
நாலு மணிக்கு ஐம்பத்திரண்டு.
ஜெர்மனிக்குப் போகும் கப்பல்
யாருக்காகவும் நிற்காது.

"லைன் நாலுக்கு இன்னாதான் கேடு?"
என்றார் முதலாளி இக்ராமுல்லா.
ஆள் சரியில்லை என்றேன்.
அடுத்த வாரம் ஊசி சரியில்லை.
அதற்கடுத்த வாரம் தோல் கனம்.
ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு கிராஃப் இருந்தது.

சென்னையிலிருந்து ராகவேந்தர் வந்தார்,
கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
ஆறு நாள் நின்று
தையலை நொடிநொடியாக அறுத்தார்:
எடுக்க மூன்று, மடிக்க ஐந்து,
ஓட்டப் பதினொன்று, நூல் வெட்ட இரண்டு.
மதியத்தில் அதே ஓட்டம் பதினாறு.
அடைப்பு பதினேழாம் மெஷின் என்றார்.
கோட்டீஸ்வரியின் மெஷின்.
இருபது பக்க அறிக்கையில்
அவள் பெயரைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம்.

கூப்பிட்டேன். வந்தாள்.
உட்காரச் சொன்னேன், நின்றாள்.
தண்ணீர் பாட்டிலை நகர்த்தினேன்.
தொடவில்லை.
"இந்த வெயிலுக்கு ஒரு வாய்கூட வேணாமா?"
"குடிச்சா போவணும் சார்."
"போயேன்."
"சாவி உங்க டேபிள்லதான கீது."

கோபமாகச் சொல்லவில்லை,
பேர்ணாம்பட்டு பஸ் எத்தனை மணிக்கு என்று
சொல்வதுபோலச் சொன்னாள்.

மேசையின் இடது ஓரம்.
பச்சை நாடாவில் ஒற்றைச் சாவி.
கட்டியவன் நான்.
மூன்று வருடம் முன்பு என் திட்டம் அது:
கழிப்பறைக்கு ஒரு பூட்டு, ஒரு நோட்டு,
போன நேரம், வந்த நேரம், கையெழுத்து.
நாளுக்கு நூற்றுப்பத்து நிமிடம் மிச்சம்
என்று கணக்குக் காட்டி
ஆண்டுவிழாவில் குக்கர் வாங்கினேன்.
இன்றைக்கும் காலையில் விசிலடிக்கிறது.

பழைய கட்டடத்துக் கழிப்பறைக்கும்
பூட்டு வாங்கிப் போட்டேன்தான்.
மறு மாதமே உடைந்தது.
சரிசெய்யாமல் விட்டது ஒன்றுதான்
நான் செய்த நல்ல நிர்வாகம்.

நோட்டைப் புரட்டினேன்.
மூன்று வருடத்தில் கோட்டீஸ்வரி
நான்கு முறை.

முப்பத்தாறு பெண்கள்.
விடியலில் பஸ் ஏறுமுன் குடித்ததோடு சரி.
இரண்டு மணிக்குத் தலை வலிக்கும்,
கண் மங்கும்,
ஊசிக்காது நழுவும்.
ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லவில்லை.
பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்த்தது.

மெயின்டனன்ஸ் பூங்காவனத்தைக் கூப்பிட்டு
பூட்டைக் கழற்றுங்கள் என்றேன்.
"எழுத்துல குடுங்க சார்,
போட்டதும் நீங்க, கழட்டறதும் நீங்க."
காரணம் என்ற இடத்தில்
தேய்மானம் என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டாம் நாளும் இல்லை.
மூன்றாம் நாள் பதினொன்றரைக்கு
ஓரத்து மெஷினிலிருந்து ஜெபசெல்வி எழுந்தாள்.
என் கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்தாள்.
நான் தலையைக் குனிந்து
இல்லாத ஒரு ஃபைலைப் படித்தேன்.
போனாள்.
அதன்பிறகு வாசலில்
செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

பத்தாம் நாள், மதியம் மூன்று மணி:
எழுபத்தொன்பது ஜோடி.
முதலாளி ராகவேந்தரின் செக்கில் கையெழுத்துப் போட்டார்.
"மெட்ராஸ் மூளை" என்றார்.
நான் மறுத்துப் பேசவில்லை.

மாதக் கூட்டத்துக்கு ஒரு தாள் தயாரிக்க வேண்டும்.
பிரச்சினை, காரணம், தீர்வு, மூன்று கட்டம்.
காரணத்தின் கீழே என் பெயரை எழுதினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழித்துவிட்டு
வெப்பம் என்று எழுதினேன்.

யாரும் கேள்வி கேட்கவில்லை.
வட ஆற்காட்டு மே மாதத்தை
யார் சந்தேகிப்பார்கள்?