மடங்காதது

ஹட்டன் சந்தைக்குப் பின்னால் நிஸாம்தீன் நானாவின் கடை.
மடக்குக் கத்தியொன்றைச் சொடுக்கித் திறக்கிறார்.
"சட்டைப்பைக்குள்ளேயே அடங்கும், தங்கச்சி."

அடங்குவது வேண்டாம்.
போன ஐப்பசியில், சிவனொளிபாதக் காட்டில்,
கால் முறிந்த விராஜ் ஐயாவுக்குச் சிம்பு வைக்க
மூங்கில் பிளந்தபோது
ஆணி தெறித்து அலகு மடிந்தது,
என் விரலின் மேலேயே.
இரண்டு இரவு மழை.
அட்டைகளுக்குக் கல்யாணச் சாப்பாடு.

மூலையில், சாக்கின் மேல்,
லொறிப் பட்டையில் அடித்த ஒன்று கிடந்தது.
அவலட்சணம். தடித்த முதுகு.
பிடியின் மர இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்:
இரும்பு கடைசிவரை ஓடியிருந்தது.

"அது துருப்பிடிக்கும்."
"துடைப்பேன்."

வாளித் தண்ணீரில் கையை நனைத்துப் பிடித்தேன்.
வழுக்கவில்லை.
நானா சிரித்தார்: "அங்க போய் எதை வெட்டப்போற?"
தெரிந்திருந்தால்
அதற்கென்றே ஒன்று வாங்கியிருப்பேன்.

ஆயிரத்து எண்ணூறு. உறைக்கு வேறு முந்நூறு.

மஸ்கெலியா பஸ்ஸில் மடியில் கிடக்கிறது,
ஞாயிறு பேப்பரில் சுற்றியபடி.
மற்ற விரல்கள் பிடியை வளைத்துக்கொள்கின்றன.
ஆள்காட்டி விரல் மட்டும்
விறைத்து நீட்டிக்கொண்டிருக்கிறது,
ஜன்னலுக்கு வெளியே
மழை இறங்கும் பக்கம்.